ஸ்பிரே கன் பிடிக்கப் போகும் நண்பர்களுக்கு



ஆட்டோமொபைலும் மெக்கானிக்கலும் படிக்கும் நம்மில் பலர் லீவு நாட்களில் ஏதாவது ஒரு ஷெட்டில் நிற்பவர்கள்தான். போளூரில் டிங்கரிங், பெயின்டிங் ஷெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஜமுனாமரத்தூர் மலைப் பாதையில் உரசிக்கொண்டு வரும் ஜீப், கரும்பு இழுக்கும் டிராக்டர், எஃப்.சி.க்குப் போகும் லாரி, மே மாத ஆய்வுக்கு முன் மஞ்சள் அடிக்க வரும் ஸ்கூல் பஸ், ஆயுத பூஜைக்கு முன்னால் வரிசை கட்டும் பைக் டேங்க் என்று வருஷம் முழுக்க வேலை உண்டு. போன கோடை விடுமுறையில் நானும் அப்படி ஒரு ஷெட்டில் கைவேலைக்கு நின்றேன். அங்கே பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கன் பிடிக்கும் ஆசை உள்ளவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் பிடியுங்கள்.

முதலில் கன்னின் கதை. அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனி மாதிரி தூவுவதற்கு 1880களில் ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907-ல் அதே தத்துவத்தில் பெயின்ட் அடிக்கும் கன்னைச் செய்தார். ஆக, கன் என்பது பிறவியிலேயே மனிதனின் தொண்டைக்குள் திரவத்தை அனுப்பக் கண்டுபிடித்த சாமான். 1920களில் டூபான்ட் கம்பெனியின் டூகோ என்ற நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட் வந்தது. அதுவரை கார்களுக்கு பிரஷ்ஷால் வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் காயவைத்தார்கள். டூகோவோ பிரஷ் இழுப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் கன் கட்டாயமாயிற்று. நூறு வருஷம் ஆகியும் நம்ம ஊர் ஷெட்டுகளில் ‘டூகோ பெயின்டிங்’ என்ற பேச்சு போகவில்லை.

பட்டி வைப்பது, வாட்டர் பேப்பர் தேய்ப்பது, மாஸ்கிங் ஒட்டுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது பொறுமை வேலை, நின்று பார்த்தால் வந்துவிடும். காய்ந்த தேய்ப்பில் பறக்கும் பொடியும் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் முடிந்தவரை தண்ணீர் போட்டுத் தேயுங்கள். அவ்வளவுதான்.

கன்னைப் பழக பெயின்ட் வேண்டாம், தண்ணீர் போதும். கப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய அட்டைப்பெட்டி மேல் அடித்துப் பழகுங்கள். கன் முனைக்கும் அட்டைக்கும் சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், அதாவது 6 முதல் 8 அங்குலம். மணிக்கட்டைத் திருப்பாமல் முழுக் கையும் நகர வேண்டும். விசிறி வீசுவது போல வளைத்தால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் வெறும் தூசியாகவும் விழும். ஓரத்துக்கு முன்பே டிரிக்கரை அழுத்தி, ஓரம் தாண்டிய பிறகு விட வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பில் பாதியை மூட வேண்டும். ஈரம் சமமாகப் படிகிறதா, எங்கே வழிகிறது என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். நான் நான்கு நாள் தண்ணீர்தான் அடித்தேன். ஷெட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பெயின்டுக்கு வந்தால், தின்னர் எவ்வளவு என்பதை டப்பாவில் போட்டிருப்பார்கள், கண் திட்டம் வேண்டாம். கெட்டியாக இருந்தாலோ தூரம் அதிகமானாலோ ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும். அதிக ஈரமானால் வழியும். ஐப்பசி மழையில் என்.சி. பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிவதே காரணம். ஆடிக் காற்றில் அடித்தால் என்ன ஆகும் என்று போளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், ரோட்டுப் புழுதி பாதி வண்டி மேல்தான்.

பிரஷரை ஏற்றினால் பளபளப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடுவது புகைதான். பழைய வகை கன்னில் பெயின்டில் பாதிக்கு மேல் வண்டியில் ஒட்டாமல் காற்றில் போகிறது. எச்.வி.எல்.பி. என்ற குறைந்த அழுத்த கன்னில் முனையில் 10 பவுண்டுக்கு மேல் பிரஷர் இராது. அதில் சுமார் 65 சதவீதம் வண்டியிலேயே நிற்கும். பெயின்டும் மிச்சம், மூச்சும் மிச்சம்.

இனிதான் முக்கியமான விஷயம்.

இப்போது ஷெட்டுகளில் என்.சி.யோடு டூ-கே பெயின்டும் நடக்கிறது. பெயின்ட் அல்லது கிளியர் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா. கலந்து அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும், பெட்ரோல் பட்டாலும் போகாது. அந்த ஹார்ட்னர் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கும். ஒருநாள் எங்கள் மேஸ்திரி, “தம்பி, நீ படிக்கிற புள்ளதானே, அதுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு” என்றார். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த நினைப்பில் வாங்கிப் படித்தேன். ஐசோசயனேட் உள்ளது, மூச்சில் இழுத்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற மூச்சுத் திணறலும் வரலாம் என்று போட்டிருந்தது. மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. “ராத்திரில வர்ற இருமலு இதுதானா?” என்று கேட்டார். டாக்டர்தான்ணா சொல்லணும் என்றேன்.

அன்றைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பெரும்பாலும் இந்த ஹார்ட்னர்களில் இருப்பது ஹெக்ஸாமெத்திலீன் டை-ஐசோசயனேட் வகை. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது தானாகவே எளிதில் ஆவியாகிப் பரவும். இது அப்படி லேசில் ஆவியாகாது. டப்பாவில் இருக்கும்வரை காற்றில் ஏறுவது குறைவு. அதைத் தூளாக உடைத்துக் காற்றில் ஏற்றி நம் மூக்குக்கு அனுப்புவது நம் கையில் இருக்கிற கன்தான். தின்னர் நெடி நமக்குத் தெரியும், தலை சுற்றும், வெளியே ஓடி வருவோம். ஐசோசயனேட் வாசனை தெரிவதற்குள் அளவு மீறியிருக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், தொழிலையே விட வேண்டி வரலாம். பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தை 1987-ல் திருத்தியபோது, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சையும் வைத்தார்கள். ஆனால் கரண்ட்டில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. எங்கள் ஷெட்டில் மூன்று பேர்.

மாஸ்க் விஷயத்தில் நிறையக் குழப்பம் உண்டு. முகத்தில் கட்டும் துண்டு எதற்கும் ஆகாது. 2020க்குப் பிறகு எல்லார் வீட்டிலும் இருக்கும் என்-95, பட்டிப் பொடிக்கு நல்லது, தின்னர் ஆவியை நிறுத்தாது. என்.சி.க்கும் பிரைமருக்கும் கரி அடைத்த இரண்டு கார்ட்ரிட்ஜும், அதன்மேல் பொடி ஃபில்டரும் உள்ள ரப்பர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். கரிக்கு ஆயுசு உண்டு. திறந்த இடத்தில் மாட்டி வைத்தால் சும்மாவே செத்துவிடும், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இரண்டு பைக் டேங்க் அடிக்கும் கூலியில் ஒரு மாஸ்க் வாங்கிவிடலாம்.

டூ-கேவுக்கு அதுவும் போதாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரி. ஷெட் கம்ப்ரஸரிலிருந்து அப்படியே ஒரு குழாயை மாட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள். அந்தக் காற்றில் ஆயில் ஆவி வரும், கார்பன் மோனாக்ஸைடும் வரலாம். அதற்கென்றே ஃபில்டர் வரிசை வேண்டும். அந்த வசதி இல்லாத ஷெட்டில் ஹார்ட்னர் கலந்து அடிக்கச் சொன்னால், “எனக்கு இன்னும் வரலண்ணா, என்.சி. அடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். டூ-கே அடித்து முடித்ததும் முகமூடியைத் தூக்கி ஃபினிஷிங் பார்ப்பது எல்லாருக்கும் வரும் ஆசை. கண்ணுக்குத் தெரியாத பனி அப்போதும் அங்கேயேதான் நிற்கும்.

வேலை முடிந்து வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் நெஞ்சு சுத்தமாகும் என்பார்கள். தின்னுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அது போகும் பாதை வேறு, பெயின்ட் போகும் பாதை வேறு.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. தின்னர் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து பக்கத்துக் கேஸ் வெல்டிங் வரை போகும். நம்ம ஊர் வெயிலில் அது எந்த நேரமும் பற்றத் தயார். பீடி, செல்போன் சார்ஜர், பொறி தட்டும் சுவிட்ச் எதுவும் கிட்டே கூடாது. கையை தின்னரில் கழுவும் பழக்கம் வேண்டவே வேண்டாம், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குப் போனார். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஸ்பிரே பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு காலத்தில் சம்பத்கிரி மலைப் படிகளை நிற்காமல் ஏறியவர். இரவில் இருமல், லீவு நாளில் குறைவு, மறுபடி வேலைக்கு வந்தால் அதிகம் என்று யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் என்ன தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சளி மருந்துதான் கிடைக்கும். இப்போது மேஸ்திரி பட்டி வேலை மட்டும் பார்க்கிறார். கன் பிடிப்பது அவர் பையன், என் வயசுதான். அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி இது: கன்னைக் கழுவும்போதும் ஆவி வரும், கழுவி மாட்டிய பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றணும்.