தேர்வு எதற்காக?

தைத்திரீய உபநிடதத்தின் மூன்றாம் பகுதியில், பிருகு தம் தந்தையாகிய வருணனை அணுகிப் பிரம்மத்தைப் பற்றி உபதேசிக்குமாறு வேண்டுகிறார். தந்தை ஓர் அடையாளத்தை மட்டும் கூறி, தவத்தால் அறிந்துகொள்ளுமாறு அனுப்புகிறார். அன்னமே பிரம்மம் என்ற முடிவுடன் பிருகு திரும்புகிறார். விடை முழுமையானதன்று. ஆயினும் வருணன் அதைத் தவறென்று தள்ளவில்லை, சரியென்று கொள்ளவுமில்லை. மீண்டும் தவம் செய்யப் பணிக்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என விடைகள் மாறுகின்றன; ஆசிரியரின் மறுமொழி மட்டும் மாறவில்லை. ஐந்தாம் முறை ஆனந்தத்தை அறிந்த பின்னர், பிருகு திரும்பி வந்து கேட்டதாக உபநிடதம் கூறவில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

இதுவும் ஒரு தேர்வுதான். மாணாக்கன் எங்கே நிற்கிறான் என்பதை ஒவ்வொரு விடையும் காட்டியது. அடுத்த முயற்சி அங்கிருந்தே தொடங்கியது.

இன்று நம் நாட்டில் தேர்வு என்ற சொல் குறிப்பது வேறொன்றை. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை பாடம் கற்பிக்கவில்லை. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. வினாத்தாள் அமைப்பதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் பணி. தாமே கற்பிப்பதற்கான வழி 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அவற்றுக்குப் பிறந்தது. கற்பிப்பவர் ஒருவர், அளப்பவர் முகமறியாத வேறொருவர் என்ற பிரிவு இவ்வாறு நிலைபெற்றது. 1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் பங்கிம் சந்திரரும் யதுநாத் போஸும் ஒரு பாடத்தில் சில மதிப்பெண்கள் குறைந்து, கருணை மதிப்பெண் பெற்றே பட்டதாரிகளாயினர். ‘வந்தே மாதரம்’ இயற்றியவரை அந்த அளவுகோல் அவ்வாறுதான் கண்டது!

எனினும் இம்முறையில் ஒரு நியாயம் உண்டு; அதை மறுப்பது முறையாகாது. விடைத்தாளில் மாணவனின் பெயர் இல்லை. எண் மட்டுமே உண்டு. அவன் யார் மகன், எந்தச் சாதி, எந்த ஊர் என்பதைத் திருத்துபவர் அறியார். சிபாரிசும் செல்வாக்கும் மலிந்த சமுதாயத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய காப்பன்று. பொதுத் தேர்வை ஒழித்துவிட வேண்டும் என்று கூறுவோர் இக்காப்புக்கு ஈடாக எதைத் தரப்போகிறார்கள் என்பதையும் கூற வேண்டும்.

குறை அளவுகோலில் இருப்பதைவிட, அதில் தொங்கவிடப்பட்டுள்ள பாரத்தில்தான் அதிகம் இருக்கிறது. சில மணி நேரத் தேர்வொன்றில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு, மானம், எதிர்காலம் அனைத்தையும் தொங்கவிட்டால், பள்ளி தானாகவே அதற்கேற்ப வளைந்துவிடுகிறது. கேட்கப்படாதது கற்பிக்கப்படுவதில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும் பள்ளிகள் உண்டு. நூலக வேளையும் விளையாட்டு வேளையும் ஜனவரி மாதத்தில் மறைந்துவிடுகின்றன. தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு ஆசிரியரையே அளக்கும்போது, பின்தங்கிய மாணவன் அவருக்குப் பொறுப்பாகத் தோன்றாமல் ஆபத்தாகத் தோன்றத் தொடங்குகிறான். இதுவே எல்லாவற்றிலும் கொடிய விளைவு.

இதன் எல்லையைக் காண விரும்புவோர் ராஜஸ்தானில் சம்பல் நதிக்கரையிலுள்ள கோட்டா நகரைக் காணலாம். ஆலைப் பொறியாளராயிருந்த வி.கே. பன்சால், உடலை நலிவிக்கும் தசை நோய்க்கு ஆளான நிலையில், 1980-களில் தம் இல்லத்தில் மாணவர் சிலருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அது ஆசிரியர் ஒருவரின் உழைப்பு. பிற்காலத்தில் அங்கே பெருகிய பயிற்சி நிறுவனங்களை நாடி ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்காக வந்து சேர்ந்தனர். குறித்த கால இடைவெளிகளில் தேர்வு. அதன் மதிப்பெண்படி மாணவர்கள் மேல் பிரிவுக்கோ கீழ்ப் பிரிவுக்கோ மாற்றப்படுவர். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் இரு மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின், இரண்டு மாதங்களுக்கு எந்தத் தேர்வும் நடத்தலாகாது என மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. பிள்ளைகளைக் காக்க அதிகாரிகள் முதலில் நிறுத்தியது பாடத்தை அன்று. தேர்வை என்பது எண்ணத்தக்கது. 2022-இல் மட்டும் நாடெங்கும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,000-க்கும் மேற்பட்டோர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அத்தனைக்கும் தேர்வே காரணமன்று. ஆனால் தேர்வில் தோல்வி என்பதும் அங்கே தனியொரு காரணமாகப் பதிவாகிறது.

இத்தகைய பயிற்சி பெறும் பிள்ளைகளில் பலர், பெயரளவில் ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு அங்கே செல்வதே இல்லை. இவ்வாறான ‘டம்மி’ மாணவர்களைச் சேர்த்ததற்காக, 2024 நவம்பரில் டில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ரத்து செய்தது. தேர்வுக்காகவே வளைந்த பள்ளி, முடிவில் தேர்வுக்கும் வேண்டாததாகிவிடுகிறது.

இவற்றைப் பெரியோர் முன்னரே உணராமலில்லை. உயர்கல்வியில் ஒரேயொரு சீர்திருத்தம் செய்வதாயின் அது தேர்வு முறையிலேயே இருக்க வேண்டும் என்ற கருத்தை 1948-49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் குழு முன்வைத்தது. 1952-53-இல் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் குழு, வெளித்தேர்வுகளைக் குறைத்து, பள்ளியில் மாணவனின் அன்றாட வளர்ச்சியைப் பதிவு செய்யச் சொன்னது. இந்த அறிவுரை நடைமுறைக்கு வந்த விதம் படிப்பினை மிக்கது. 2009-இல் மத்திய வாரியம் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு நான்கு வளரறி மதிப்பீடு, இரண்டு தொகுத்தறி மதிப்பீடு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வும் கட்டாயமில்லை என்றாயிற்று. நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க வேண்டிய ஆசிரியர், படிவங்களை நிரப்புவதில் பொழுதைச் செலவிட்டார். பிள்ளைகள் செய்ய வேண்டிய செயல்திட்டங்களைப் பெற்றோர் செய்தனர். சில இடங்களில் கடைகளிலேயே விலைக்குக் கிடைத்தன. 2018-இல் பொதுத் தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. கவனிக்கும் கண் இல்லாதபோது, அடிக்கடி அளப்பதால் மட்டும் ஆவதென்ன?

அதே காலத்தில் வேறொரு தேர்வும் நாட்டில் நடந்து வந்தது. 2005 முதல் ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில், ‘அசர்’ என்ற ஆய்வுக்காகத் தன்னார்வலர்கள் கிராமங்களுக்குச் செல்கின்றனர். கையில் ஒரேயொரு தாள்: சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறுகதை. பிள்ளையின் வீட்டிலேயே உடன் அமர்ந்து படிக்கச் சொல்கின்றனர். பத்தி வராவிட்டால் சொல். அதுவும் வராவிட்டால் எழுத்து. பிள்ளை இயல்பாகப் படிக்கக்கூடிய உயர்ந்த படி எது என்பதே தேடப்படுவது. தேர்ச்சி இல்லை, தோல்வியும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலவில்லை என்ற உண்மையை நாட்டுக்கு உரக்கச் சொன்னது இந்தத் தாள்தான். அதன் துணையால், வகுப்பை நோக்காமல் படிக்கும் நிலையை நோக்கிப் பிள்ளைகளைக் குழுக்களாக அமர்த்திக் கற்பிக்கும் முறையும் வளர்ந்தது. இதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல் கொண்ட தேர்வே. ஆனால் எந்தப் பிள்ளையும் இதற்கு அஞ்சுவதில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாத பிள்ளைக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு உண்டு; அதிலும் தவறினால் அதே வகுப்பில் இருக்க நேரிடும். இதை வரவேற்போரும் எதிர்ப்போரும் ‘நிறுத்திவைத்தல்’ என்ற சொல்லைப் பற்றியே வாதிடுகின்றனர். அதே விதிகளில் அதிகம் பேசப்படாத சில வரிகள் உள்ளன. நிறுத்தப்பட்ட பிள்ளையின் கற்றலில் எங்கே இடைவெளி என்பதை வகுப்பாசிரியர் கண்டறிந்து, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும். அத்தகைய பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் தம்மிடம் வைத்திருந்து, அவர்களுக்குரிய சிறப்புப் பயிற்சியைத் தாமே நேரில் கண்காணிக்க வேண்டும். தம் பிள்ளை பயிலும் பள்ளியில் அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது, அந்த இரண்டு மாதங்களில் பிள்ளைக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று எந்தப் பெற்றோரும் நேரில் சென்று கேட்கலாம்.