மரத்தூளில் பூத்த மஞ்சள்



"மெக்கானிக்கல்காரனுக்கு பாட்டனி எதுக்குடா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. தென்னூரில் நான் தங்கியிருந்த தெருவில் ஒரு மரக்கடை. அதன் பின்புறம் மரத்தூள் குவியல் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் நுரை! "எவனோ வாந்தி எடுத்திருக்கான், மண்ணைப் போட்டு மூடு" என்றார் ஒரு பெரியவர். "விஷக் காளான்" என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் மஞ்சளைக் காணோம். வெளிறிய பொருக்கு, உள்ளே கரும்பொடி. முதல் நாள் எதையும் குறித்து வைக்கவில்லை. அதனால் இரண்டும் ஒன்றுதானா என்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மழைக்கு அது மறுபடி வந்தது. இம்முறை நோட்டு கையில் இருந்தது.

அதன் பெயர் ஃபுலிகோ செப்டிகா. சளிப்பூஞ்சை (ஸ்லைம் மோல்டு) வகை. 1763-ல் லின்னேயஸ் இதைப் பூஞ்சைகளோடு சேர்த்தார். உண்மையில் இது அமீபாவுக்குத்தான் சொந்தம். மஞ்சள் நிலையில் அது ஆயிரக்கணக்கான உட்கருக்கள் கொண்ட ஒரே உடல்; பாக்டீரியாவைத் தின்றபடி மெல்ல நகரும். பிறகு வித்துக்களாக மாறி உலர்ந்துவிடும். ஒரே ராத்திரியில் வேஷம் மாறுவது இதனால்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

1. இடம், தேதி: ஈர மரத்தூள், மட்கிய மரம், இலைச்சருகு.

2. நிறம்: பார்த்த நேரத்தோடு எழுதுங்கள். மஞ்சள் மட்டும் போதாது. ஃபைசாரம் பாலிசெஃபாலமும் மஞ்சள்தான். ஆனால் முதிர்ந்ததும் அது காம்புள்ள சின்னத் தலைகளாகும். ஃபுலிகோ ஒரே அடையாகப் படியும்.

3. அளவு: 2 முதல் 20 செ.மீ. வெர்னியர் வேண்டாம், ஸ்கேல் போதும்.

4. பொருக்கு: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். உள்ளே இருப்பது கால்சியம் கார்பனேட். இது குடும்பத்தைத்தான் காட்டும், இனத்தை அல்ல.

5. வித்து: மைக்ரோஸ்கோப்பில் உருண்டை, நுண்முட்கள், 6–9 மைக்ரான். பெரிதாக, நீள்வட்டமாக இருந்தால் அது ஃபுலிகோ சினெரியாவாக இருக்கலாம்.

காய்ந்த துண்டை வத்திப்பெட்டிக்குள் ஒட்டி, சீட்டு எழுதி வையுங்கள். ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் சேமிக்கிறார்கள். இழைப்பு உள்ளவர்கள் பொடியை ஊதாதீர்கள்; அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு செய்தி: டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களைப் போல ஓட்ஸ் துகள்களை வைத்தபோது, ஃபைசாரம் பின்னிய வலை அங்குள்ள ரயில் பாதையை ஒத்திருந்தது. இது 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நம் மண்ணிலும் 1950-களிலேயே வி. அக்னிஹோத்ருடு தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

லேபில் "ரீடிங்கை அப்புறம் எழுதிக்கலாம், பக்கத்து பெஞ்சில் பாத்துக்கலாம்" என்கிறோமே! மரத்தூள் மஞ்சள் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுது. நாளைக்கு அது வேறு நிறம்.

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல்