சுடுதண்ணீர் மட்டும் ஏன் நூலாக வருகிறது?

அன்புத் தங்கைக்கு,

சமையலறைக் குழாயில் பச்சைத்தண்ணீர் கொட்டுகிறது, சுடுதண்ணீர் மட்டும் நூல்போல வருகிறது என்று சொன்னால், தாம்பரம் பக்கம் உடனே கிடைக்கிற யோசனை ஒன்றுதான்: "பிரஷர் பத்தலை, ஒரு பம்ப் போட்டுடுங்க." பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் குழாயையே சாட்சிக்குக் கூப்பிடு. ஒரு லிட்டர் சொம்பை வைத்துப் பச்சைத்தண்ணீர் நிரம்ப எத்தனை விநாடி, சுடுதண்ணீர் நிரம்ப எத்தனை விநாடி என்று கைபேசியில் கணக்கெடு. இரண்டும் மொட்டைமாடியில் இருக்கும் அதே தொட்டியிலிருந்துதான் இறங்குகின்றன. தொட்டித் தண்ணீர் குழாய்க்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அழுத்தம். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். மேல்தளத்து வீட்டுக்கு 3 மீட்டர்தான் கிடைக்கும், அதாவது 0.3 பார். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறை இரண்டு தண்ணீருக்கும் பொது. ஒன்று 6 விநாடியிலும் மற்றது 25 விநாடியிலும் நிரம்பினால் தொட்டியைக் குற்றம் சொல்ல இடமில்லை. சுடுதண்ணீர் மட்டும் போகிற வழியில் எங்கோ அடைப்பு.

ஏன் அந்த வழியில் மட்டும்? சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் வீடுகளின் சம்புக்குள் பாலாற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. போர் இறங்குவது கெட்டிப் பாறைக்குள். பாறை விரிசல்களில் நெடுநாள் தங்கிய தண்ணீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதையும் நாம் 'உப்புத் தண்ணி' என்றே சொல்லிவிடுகிறோம். கரிப்பு நாக்குக்குத் தெரியும். கடினத்தன்மை சோப்பு நுரைக்காதபோதுதான் தெரியும். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது ஐ.எஸ். 10500 தரக்குறியீடு. 400 என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டரில் 400 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான சரக்கு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறது. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பின் குணம் நேர்மாறு: சூடு ஏறினால் கரைசலைவிட்டுப் பிரிந்து, தொட்ட இடத்தில் படியும். முழுவதும் படியாது, ஆனால் படிகிற பங்கு கீசரிலும் அதைத் தாண்டிய பாதையிலும்தான் படியும்.

இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. குழாய் முனையில் இருக்கும் சல்லடையைத்தான் எல்லோரும் முதலில் கழற்றிக் கழுவுவார்கள். மிக்ஸர் குழாயில் அந்தச் சல்லடை வழியாகத்தான் பச்சைத்தண்ணீரும் வருகிறது. அது நன்றாக வரும்போது சல்லடைமேல் சந்தேகம் வீண். பாதையை நடுவில் வெட்டிச் சோதிப்பதே மேல். கீசர் ஸ்விட்சை மட்டுமல்ல, எம்.சி.பி.யையும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திரு. கீசருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, கீசரிலிருந்து வெளியே வரும் கனெக்ஷன் பைப்பின் சுவர்ப் பக்க முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, காக்கைத் திற. பீறிட்டு வந்தால் அடைப்பு குழாய்ப் பக்கம், பெரும்பாலும் சுடுதண்ணீர் ஸ்பிண்டிலில். அங்கேயே நூலாக வந்தால் கீசர்ப் பக்கம். வாஷரில் முட்டை ஓடு நொறுங்கியதுபோல வெள்ளைச் சில்லுகள் உட்கார்ந்திருக்கும்; வினிகரில் போட்டால் குமிழி விட்டுக் கரையும். பாத்திரம் இடித்துப் பாதி மூடிக்கொண்ட ஆங்கிள் காக்கும் சில வீடுகளில் காரணமாக இருக்கும், அதையும் கவனி.

கீசரின் உள்வாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு உண்டு. தண்ணீரை ஒரே திசையில் விடுவதும், உள்ளே அழுத்தம் எகிறினால் வெளியேற்றுவதும் அதன் வேலை. 0.3 பார் மட்டுமே உள்ள வீட்டில் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளுவதற்கே ஒரு பங்கு செலவாகிவிடும். சுண்ணாம்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "அதைத் தூக்கிட்டா தண்ணி சூப்பரா வரும்" என்று யாராவது சொன்னால், சொல்வது உண்மைதான், ஆனாலும் விடாதே. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிக்கும் நாளில் எகிறும் அழுத்தத்தை வெளியேற்ற அந்த வால்வு வேண்டும். சுத்தம் செய், இல்லையென்றால் புதியது மாற்று.

"இவ்வளவு எதற்கு, பம்ப் போட்டால் தீராதா?" என்று கேட்கலாம். குறுகிய துளையில் அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும். 25 விநாடி 12 ஆகும், அடைப்பு அப்படியே வளரும், பச்சைத்தண்ணீரோ முகத்தில் தெறிக்கும். இரண்டு தண்ணீரும் ஒரே மாதிரி மெதுவாக வரும் மேல்தள வீட்டுக்குப் பம்ப் நியாயம்தான். அது வேறு நோய். "வீடு கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே" என்பது இன்னொரு கேள்வி. புது வீட்டில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டு மணலும், பிளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் துணுக்கும் இருக்கும்; தேடும் முறை மாறாது. கழிப்பறை ஆசிடைக் கீசருக்குள் ஊற்றும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். அது சுண்ணாம்போடு பித்தளையையும் ஹீட்டர் காயிலையும் சேர்த்துத் தின்னும்.

சுத்தம் செய்தபின் அதே சொம்பை வைத்து மறுபடியும் கணக்கெடுத்து, விநாடியையும் தேதியையும் சிங்க் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவை. அது 10 விநாடியைத் தொடும்போதே ஸ்பானரை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்