கரடுமுரடான பாதைக்குப் பிக்கப் வண்டி: எந்த வகையை வாங்கலாம்?

விளைபொருளை உரிய நேரத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் சாகுபடியின் ஒரு பகுதியே ஆகும். பறித்த தக்காளியும் கத்தரியும் வண்டிக்காகக் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எடை குறைகிறது, தரமும் குறைகிறது. எனவே சிறு உழவர்கள் பலர் தனியாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ பிக்கப் வண்டி வாங்க முன்வருகின்றனர். மலையடிவாரத்திலும் கரிசல் காட்டிலும் ஓடையைக் கடந்து செல்லும் தோட்டங்களிலும் உள்ளவர்களுக்குச் சாதாரண வண்டி போதாது என்ற எண்ணமும் உண்டு.

விற்பனை நிலையத்திற்குச் சென்றால் ஒரே பெயருள்ள வண்டியில் பல வகைகளைக் காட்டுவார்கள். ஒன்றில் பின்சக்கர இயக்கம் மட்டும் இருக்கும். மற்றொன்றில் நான்கு சக்கர இயக்கம் இருக்கும். ஒன்றில் ஒற்றை அறை. மற்றொன்றில் ஐந்து பேர் அமரும் இரட்டை அறை. மஹிந்திரா பொலிரோ கேம்ப்பர், டாடா யோதா, இசுசு டி-மாக்ஸ் ஆகியவை இவ்வாறு பல வகைகளில் வெளிவந்துள்ளன. இக்கட்டுரை எந்த ஒரு நிறுவனத்தையும் பரிந்துரைப்பதற்காக எழுதப்பட்டதன்று. நம் பண்ணைக்கு எந்த வகை தேவை, எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் இங்கு காண்போம்.

முதலில் சுமையைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை வரம்பு உண்டு. வண்டியின் வெற்று எடையை இதிலிருந்து கழித்தால் வருவதே ஏற்றத்தக்க சுமை. இவ்விரண்டு எடைகளும் ஆர்.சி. புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன்னரே ஒவ்வொரு வகைக்கும் இவற்றைக் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்த எடை வரம்பு மாறாமல் இருக்கும்போது, வண்டியில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கிலோவும் நாம் ஏற்றும் விளைபொருளில் ஒரு கிலோவைக் குறைக்கிறது. இரட்டை அறை, நான்கு சக்கர இயக்கத்திற்கான கூடுதல் கியர் பெட்டி, முன் அச்சு, ஏ.சி. ஆகிய அனைத்திற்கும் எடை உண்டு. இரட்டை அறை வைத்த வண்டியில் சரக்குத் தளத்தின் நீளமும் குறைந்து விடும்.

எடுத்துக்காட்டாக, 25 கிலோ தக்காளி கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியின் எடை சுமார் 2 கிலோ என்று கொள்வோம். 1000 கிலோ ஏற்றத்தக்க வண்டியில் 37 பெட்டிகள்தான் ஏற்ற முடியும். உங்களுடைய உச்சகட்டப் பறிப்பு நாளில் 60 பெட்டிகள் வருமானால் இந்த வண்டி இரண்டு நடை போக வேண்டும். எனவே சராசரி நாளைப் பாராமல், பறிப்பு அதிகமாக வரும் நாளையும் அது ஆண்டில் எத்தனை முறை வருகிறது என்பதையும் பாருங்கள்.

பாதையை அளந்து பாருங்கள்

பாதை மோசம் என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. ஒரு கோலை எடுத்துக் கொண்டு தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை நடந்து பாருங்கள். வண்டித் தடத்தின் ஆழம், நடுவில் மேடிட்டுள்ள வரப்பின் உயரம், ஓடைக் கரையின் சரிவு ஆகியவற்றை அளந்து குறித்துக் கொள்ளுங்கள்.

பின் அச்சு ஒரே தண்டாக உள்ள வண்டியில் தரையிலிருந்து மிகத் தாழ்வாக இருக்கும் பகுதி, பின் அச்சின் நடுவே உருண்டையாக உள்ள டிஃபரன்ஷியல் பெட்டியாகும். பட்டை ஸ்பிரிங்கை உயர்த்திக் கட்டினாலும் இந்தப் பெட்டி உயராது. டயரின் அளவு ஒன்றே அதன் உயரத்தை நிர்ணயிக்கிறது. நடு மேட்டின் உயரம் இதைவிட மிகுந்தால், எத்தனை விலையுயர்ந்த வகையானாலும் வண்டி தட்டும். அந்த நிலையில் பாதையைச் சீர்செய்வதே மலிவான வழி.

நீண்ட சரக்குத் தளம் பின் சக்கரத்திற்கு அப்பால் அதிகமாக நீட்டிக் கொண்டிருக்கும். ஓடையில் இறங்கி ஏறும்போது இப்பகுதி கரையில் இடிக்கும். செங்குத்தான ஓடைக் கரை உள்ளவர்கள் குட்டையான தளமுள்ள வகையைப் பார்ப்பது நன்று.

நான்கு சக்கர இயக்கம் யாருக்குத் தேவை?

வகைகளுக்கிடையே பெரிய விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இதுவே. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சக்கரத்தின் இழுவை, அதன் மேல் விழும் எடையைப் பொறுத்தது. வழுக்கும் சேற்றில் எடையின் பத்தில் மூன்று பங்கு மட்டுமே இழுவையாகக் கிடைப்பதாகக் கொள்வோம். வெற்று வண்டி 1700 கிலோ. அதில் பின் அச்சின் மேல் 700 கிலோ. அப்படியானால் பின்சக்கர இயக்கத்தில் கிடைக்கும் இழுவை 210 கிலோ. சேறு பத்தில் ஒரு பங்கு தடுத்தால், சமதரையில் தேவைப்படும் இழுவை 170 கிலோ. வண்டி மெல்ல நகர்ந்து விடும். ஆனால் பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு வந்தால் மேலும் 170 கிலோ, ஆக 340 கிலோ தேவை. வண்டி நின்று விடும். நான்கு சக்கரமும் இயங்கினால் கிடைக்கும் இழுவை 510 கிலோ. வண்டி ஏறி விடும்.

இந்த எளிய கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, பிக்கப் வண்டி சுமையோடு போவதைவிட வெறுமையாகத் திரும்பும்போதே சேற்றில் எளிதில் சிக்குகிறது. பின் அச்சின் மேல் சில மணல் மூட்டைகளை வைத்தாலே சமதரைச் சேற்றில் நிலைமை மேம்படும். இரண்டாவது, சேறும் சரிவும் சேர்ந்து வரும் இடத்தில்தான் நான்கு சக்கர இயக்கம் உண்மையாகப் பயன்படுகிறது. மூன்றாவது, காய்ந்த சரளைப் பாதைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச் சாலைக்கும் இது தேவையில்லை. கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதில் வேண்டுவது நல்ல பிரேக்கும், குறைந்த கியரில் இறங்கும் பழக்கமுமே.

இன்னொன்றும் அறிய வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரம் சேற்றில் சுழன்றால், உறுதியான தரையில் உள்ள மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். இதைத் தடுக்கும் பூட்டு அமைப்பு சில வகைகளில் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சேறாகும் பாதையில், பூட்டு உள்ள பின்சக்கர இயக்க வண்டியே போதுமானதாக இருக்கலாம். விற்பனையாளரிடம் இதைத் தனியே கேளுங்கள்.

நான்கு சக்கர இயக்க வண்டி வாங்கியவர்கள், தேவைக்கு மட்டும் இணைக்கும் அமைப்பானால், காய்ந்த தார்ச் சாலையில் அதை இணைத்து ஓட்டலாகாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் டயர் தேயும். கியர்கள் இறுகிப் பழுதாகும்.

தவணைக் கணக்கு

உயர்ந்த வகைக்கு ரூ.1,50,000 கூடுதலாக ஆகிறது எனக் கொள்வோம். அதை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.3,190. ஐந்தாண்டில் செலுத்தும் தொகை சுமார் ரூ.1,91,000. ஆண்டொன்றுக்கு ரூ.38,000-க்கு மேல் ஆகிறது.

மழைக்காலத்தில் ஆண்டுக்கு 20 நாட்கள் மட்டுமே பாதை சேறாகுமானால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ ரூ.1,900 செலவு என்று பொருள். அந்த நாட்களில் மட்டும் டிராக்டரை வாடகைக்கு அமர்த்திச் சரக்கைத் தார்ச் சாலைக்குக் கொண்டுவர உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். 100 நாட்கள் சேறானால் நாளொன்றுக்கு ரூ.380-தான். அப்போது நான்கு சக்கர இயக்கமே சிக்கனம். விலை வீழ்ந்த பருவத்திலும் தவணை நிற்காது என்பதை மறவாமல் இக்கணக்கைப் போட வேண்டும்.

பின்னர் சேர்க்க முடியாதவற்றை முதலில் வாங்குங்கள்

பணம் அளவாக இருக்கும்போது கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றலாம்.

1. பின்னர் மாற்ற இயலாதவை: சுமைத்திறன், தளத்தின் நீளம், இயக்க முறை, டிஃபரன்ஷியல் பூட்டு. தேவை உறுதியானால் இவற்றில் சிக்கனம் கூடாது.
2. உயிரைக் காப்பவை: நல்ல பிரேக் அமைப்பு, காற்றுப் பை, இருக்கை வார். இவை உயர்ந்த வகையில்தான் கிடைக்குமானால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.
3. உழைப்பைக் குறைப்பவை: பவர் ஸ்டீயரிங். சுமையோடு மலை வளைவுகளில் ஓட்டுவோருக்கு இது ஆடம்பரமன்று.
4. பின்னர் சேர்க்கக் கூடியவை: பாட்டுப் பெட்டி, இருக்கை உறை, பளபளப்பான சக்கரம், தார்ப்பாய்க் கம்பி. இவற்றுக்காக உயர்ந்த வகைக்குப் போக வேண்டியதில்லை.

டயர் மாற்றும்போது அதன் சுமைத் தாங்கு திறன் பழைய டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆழமான பட்டன் உள்ள டயர் சேற்றுக்கு ஏற்றது. தார்ச் சாலையில் விரைவில் தேயும்.

டீசல் வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. அன்றாடம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓட்டினால் இது அடைத்துக் கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். சில வண்டிகளுக்குத் தூய யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். வயலுக்கு வாங்கிய யூரியாவை நீரில் கரைத்து இதற்கு ஊற்றவே கூடாது. அது வேம்பு பூசப்பட்டது. புகைபோக்கி அமைப்பு முழுவதும் கெட்டுவிடும். மானிய உரத்தை வேறு பணிக்குப் பயன்படுத்துவதும் குற்றமாகும்.

சட்ட விதிகள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. உயர்ந்த சுமை வகை இந்த வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். மொத்த எடை 7500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அதிகச் சுமை ஏற்றினால் அபராதம் ரூ.20,000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. சரக்குத் தளத்தில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதம். களையெடுப்போரை அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டுமானால், அதற்காகவே இரட்டை அறை வகையை வாங்குவது முறையாகும்.

வயலுக்குள் வண்டியை இறக்காதீர்

நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதென்று ஈர வயலுக்குள் வண்டியை இறக்குவது தவறு. சேற்றில் சிக்காமல் போனாலும், மண்ணின் மேல் விழும் எடை குறைவதில்லை. ஈரமான களிமண் சுமை வண்டியின் கீழ் இறுகி, வேர் இறங்காத கடினப் படலம் உண்டாகும். மழைநீர் உள்ளே இறங்காது. பெட்டிகளை வரப்போரத்துக்குத் தலைச்சுமையாகவோ, தள்ளுவண்டியிலோ கொண்டு வருவதே நிலத்திற்கு நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

அதிகப் பறிப்பு நாளின் எடை, பாதையின் அளவுகள், சேறாகும் நாட்கள், கட்ட முடிந்த தவணை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு விற்பனை நிலையத்திற்குச் செல்லுங்கள். இயலுமானால், சோதனை ஓட்டத்தை உங்கள் தோட்டப் பாதையிலேயே, ஒரு மழைக்குப் பிறகு, மணல் மூட்டை ஏற்றி நடத்தித் தருமாறு கேளுங்கள். அங்கு ஏறாத வண்டி கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது. அங்கு எளிதாக ஏறும் குறைந்த விலை வகை இருக்குமானால், மிச்சமாகும் பணத்தைச் சொட்டு நீர்ப் பாசனத்திற்கோ, பாதைக்குச் சரளை அடிப்பதற்கோ செலவிட்டுக் கூடுதல் பயன் பெறலாம்.