நண்டு வேகமா, ரோவர் வேகமா?

2023 ஆகஸ்ட் 24. முதல் நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்த மாலை அது. மறுநாள் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது நானும் கொஞ்சம் பெருமிதத்தோடுதான் போனேன். விக்ரம் கலத்திலிருந்து பிரக்யான் ரோவர் இறங்கிவிட்டது, 6 சக்கரங்கள், 26 கிலோ எடை, நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நொடிக்கு ஒரு சென்டிமீட்டரா? எங்க வரப்பு நண்டு அதைவிட வேகமா ஓடும் டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. நாடே கொண்டாடும் ஒரு சாதனையை வயல் நண்டோடு ஒப்பிடுகிறானே என்று அதட்ட வாயெடுத்தேன். ஆனால் கேட்டுவிட்ட பிறகு அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. உண்மையிலேயே நண்டு எவ்வளவு வேகமாக ஓடும்?

"சரி, நாளைக்கு நண்டைக் கொண்டு வா. அளந்துடலாம்" என்றேன்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் 3 நண்டுகள் வந்தன. தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் 1 மீட்டர் கோடு போட்டோம். முதல் நண்டு வாளிக்கே திரும்பியது. இரண்டாவது, பக்கவாட்டில் ஏழாம் வகுப்புக்குள் ஓடி அங்கே நடந்துகொண்டிருந்த பாடத்தைக் கலைத்தது. இரண்டு பக்கமும் பலகை வைத்துப் பாதை அமைத்த பிறகுதான் அளக்க முடிந்தது. ஐந்து முறை ஓடவிட்டுச் சராசரி எடுத்தோம்: 1 மீட்டருக்கு ஏறக்குறைய 5 நொடி. அதாவது நொடிக்கு 20 சென்டிமீட்டர். நண்டு, ரோவரைவிட 20 மடங்கு வேகம். கேலி செய்த மாணவன்தான் அன்று வெற்றியாளன்.

அதன் பிறகு அவனே கேட்டான்: "அப்புறம் ஏன் டீச்சர் இவ்வளவு மெதுவா செஞ்சாங்க?"

நான் நடத்த நினைத்த பாடம் அந்தக் கேள்வியில் இருந்தது. ரோவருக்குக் கிடைப்பது சூரியத் தகட்டிலிருந்து வரும் 50 வாட் மின்சாரம். நம் வகுப்பறையின் பழைய மின்விசிறிக்குக்கூட அது போதாது. நிலவு ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ரேடியோ அலை ஒருமுறை போகவே 1.3 நொடி ஆகும். ரோவர் நேரடியாகப் பூமியோடு பேசாது. அது எடுத்த படம் விக்ரம் கலத்துக்குப் போய், அங்கிருந்து பூமிக்கு வந்து, விஞ்ஞானிகள் பார்த்து, பாதையை முடிவு செய்து, கட்டளை திரும்பிப் போக வேண்டும். நண்டு பள்ளத்தில் விழுந்தால் ஏறி வந்துவிடும். ரோவர் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, ரோவர் தன் முன்னே 4 மீட்டர் அகலப் பள்ளத்தைக் கண்டு, வேறு பாதையில் திருப்பப்பட்ட செய்தி வந்தது. அதை வகுப்பில் முதலில் சொன்னவன் நண்டு கொண்டு வந்த அதே மாணவன். "நல்லவேளை, மெதுவா போச்சு" என்றான்.

இன்னொருத்தி, "நிலாவுல சேத்துழவு ஓட்ட கேஜ் வீல் போடணுமா?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தோம். மண்ணுக்கு ஏற்ற சக்கரம் வேண்டும் என்பது டெல்டாப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே தெரியும். நிலவு மண்ணைப் போன்ற மண்ணை உருவாக்கிச் சோதனை செய்ய நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளை இஸ்ரோ பயன்படுத்தியதைச் சொன்னபோது, வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சிரிப்பு நமக்குப் புதிதல்ல

புதிய கருவியைக் கண்டால் முதலில் சிரிப்பது நம் மரபுதான். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றி ஒரு பாட்டு பாடுவார்கள். பொத்தானைத் தட்டினால் பலகாரம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதுபோல ஆசைகள் அதில் வரும். திரையரங்கில் மக்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று கைப்பேசியைத் தட்டினால் வாசலில் இட்லி வந்து நிற்கிறது. அன்று சிரித்தவர்கள், சிரித்தபடியே விஞ்ஞானத்தைப் பற்றி யோசிக்கவும் செய்தார்கள்.

நம் வகுப்பறையில் மட்டும் சிரிப்பை ஒழுங்கீனம் என்று எழுதி வைத்திருக்கிறோம். நண்டு நாளுக்குப் பிறகு நான் ஒரு மாற்றம் செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம், கரும்பலகையின் ஒரு மூலை 'இந்த வார நையாண்டி'க்கு. அறிவியல் செய்தி, புதிய கருவி, கைப்பேசி விளையாட்டு எதைப் பற்றியும் ஒரு வரிக் கேலி எழுதலாம். எழுதியவர் அதற்கு அடியில் ஒரு கேள்வியும் எழுத வேண்டும். ஆள், உடம்பு, சாதி, வீட்டுத் தொழில் எதையும் கேலி செய்யக் கூடாது என்பது ஒரே விதி.

தலையாட்டி பொம்மை

ஒரு வாரம் ஒரு மாணவி, அண்ணனின் கைப்பேசியில் இருந்த ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கல்லணையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ராஜராஜ சோழன் கட்டியது என்று அது அடித்துச் சொல்லியிருக்கிறது. "இல்லை, கரிகாலன்தானே?" என்று இவள் கேட்டதும், "ஆமாம், நீங்கள் சொல்வதே சரி" என்றிருக்கிறது. சோதித்துப் பார்க்க, "எங்க தாத்தாதான் கட்டினார்" என்றாளாம். அதற்கும் மரியாதையாகத் தலையசைத்திருக்கிறது. கரும்பலகை மூலையில் அவள் எழுதிய வரி: "இது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை."

அடியில் எழுதிய கேள்வி: "தெரியாததைத் தெரியாதுன்னு ஏன் சொல்லலை?"

இதற்குக் கணினி தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "தஞ்சாவூர்" என்ற சொல்லுக்குப் பிறகு மனதில் தோன்றும் சொல்லை எழுதச் சொன்னேன். 34 பேரில் 23 பேர் 'பெரிய கோயில்' என்று எழுதினார்கள். மற்றவர்கள் பொம்மை, தட்டு, ஓவியம், பேருந்து நிலையம் என்று எழுதினார்கள். இந்தச் செயலிகளின் அடிப்படை வேலையும் இதுதான். ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து, ஒவ்வொரு சொல்லாகக் கோக்கின்றன. 'சோழன்', 'கட்டினான்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ராஜராஜன் பெயர் அடிக்கடி வருவதால், கல்லணைக்கும் அந்தப் பெயரே வந்து உட்கார்ந்திருக்கலாம் என்று பிள்ளைகளே ஊகித்தார்கள். "அடிக்கடி வர்றது எல்லாம் உண்மையாயிடாது" என்று ஒரு மாணவன் முடித்து வைத்தான். நான் ஒரு பாடவேளை முழுவதும் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று உயிர்

கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றிய நையாண்டிக்குப் பஞ்சமே இல்லை. "விளையாட்டில் செத்தால் மறுபடி உயிர் வருகிறது. காலாண்டுத் தேர்வில் மட்டும் ஏன் ஒரே உயிர்?" என்று ஒருவன் எழுதினான். கேலிதான். ஆனால் இரவு முழுவதும் எனக்கு அதே நினைப்பு. ஒரு கட்டத்தில் முப்பது முறை தோற்றும் சலிக்காமல் ஆடுகிற பிள்ளை, கணக்கில் ஒருமுறை தவறியதும் நோட்டை மூடிவிடுகிறான். விளையாட்டில் தோல்வி மலிவு. நம்மிடம் தோல்வி விலை அதிகம்.

அடுத்த மாதச் சிறுதேர்வுகளில் மூன்று 'உயிர்' கொடுத்துப் பார்த்தேன். தவறிய வினாவை மட்டும் திருத்தி மறுபடி எழுதலாம், கடைசி மதிப்பெண்ணே கணக்கில் வரும். திருத்தும் வேலை எனக்குக் கூடியது உண்மை. ஆனால் வெற்றுத் தாள் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு பேர் ஏதோ எழுதத் தொடங்கினார்கள். எழுதினால்தானே எங்கே தவறுகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

பிறகு அவர்களையே ஒரு விளையாட்டு உருவாக்கச் சொன்னேன். பழைய பரமபதக் கட்டத்தில் 'மேட்டூர் முதல் கடைமடை வரை' பிறந்தது. ஜூன் 12-இல் அணை திறந்தால் ஏணி. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் பெரிய ஏணி. புகையான் பூச்சி பாம்பு. அறுவடை நேரத்து மழை இன்னொரு பாம்பு. 2018 நவம்பரில் வந்த கஜா புயல், எல்லாவற்றையும் விழுங்கும் பெரும்பாம்பு. எந்த ஏணிக்கு என்ன காரணம் என்று சொன்னால்தான் ஏற முடியும். குறுவை, சம்பா, தாளடி, பூச்சியியல், வானிலை எல்லாம் தாயக்கட்டையோடு உருண்டன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசவும் இதுவே வாய்ப்பானது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றைத் தடை செய்கிறது என்பதை அன்று சொன்னேன்.

சிரிக்காத ஒருத்தி

எல்லா நையாண்டியும் இப்படிக் கலகலப்பாக முடிவதில்லை.

ஒரு சம்பா நடவுக் காலம். பள்ளிக்குப் பக்கத்து வயலில் நடவு மிஷின் இறங்கியது. சன்னலில் பிள்ளைகள் கூட்டம். வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி சொன்னாள்: "இந்த மிஷினுக்கும் நூறு நாள் வேலை அட்டை குடுத்துருவாங்களா டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா நடவுக்குப் போகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வரியைக் கரும்பலகை மூலையில் எழுதட்டுமா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன். தலையாட்டினாள். அந்த வாரம் வீட்டுப்பாடம் ஒரு சிறு கணக்கெடுப்பு. ஒரு ஏக்கர் நட எத்தனை பேர், எவ்வளவு நேரம், மிஷின் வந்தபின் என்ன மாறியது என்று வீட்டில் கேட்டு வர வேண்டும். திங்கட்கிழமை வந்த பதில்கள் ஒன்றோடொன்று மோதின. நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து ஆள் தேவை, தண்ணீர் வருகிற நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை, பாய் நாற்றங்கால் விட்டு மிஷின் வைத்தால் அன்றே வேலை முடிகிறது என்றார்கள். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், முன்பு கிடைத்த நடவு நாள்களில் பாதிகூட இப்போது இல்லை என்றார்கள். இரண்டும் உண்மை. யாரையும் குற்றவாளி ஆக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.

அடியில் அந்த மாணவி எழுதிய கேள்வி: "மிஷின் ஓட்ட எங்க அம்மாவுக்கு யார் சொல்லித் தருவா?"

என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். வேளாண்மைப் பொறியியல் துறை வேளாண் இயந்திரங்களை வாடகைக்கு விடுவதைச் சொன்னேன். மருந்து தெளிக்கும் டிரோனை இயக்கச் சான்றிதழ் பெற, 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 18 வயது நிறைந்து 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்கம்மா அஞ்சாவதுதான். அப்ப நான்தான் படிச்சிட்டுச் சொல்லித் தரணும்" என்றாள். அவள் அம்மாவின் இந்த வருடத்துக் கூலிக்கு அது விடையாகாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியை அழிக்காமல் ஆண்டு முடியும்வரை கரும்பலகை மூலையிலேயே விட்டு வைத்தோம்.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு

வாரம் ஒருநாள் 20 நிமிடம் போதும். கேலியை முதலில் முழுவதும் கேளுங்கள், நீங்களும் சிரியுங்கள். பிறகு, "இதில் அளக்கக்கூடியது என்ன?" என்று கேளுங்கள். நண்டு அங்கேதான் பாடமாக மாறியது. பகிரப்பட்டு வரும் அறிவியல் செய்தியானால், சிரிக்கும் முன் சரிபார்க்கச் சொல்லுங்கள். செவ்வாய்க் கோள் நிலவு அளவுக்குத் தெரியும் என்ற பொய்ச் செய்தி, 2003-இல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்ததிலிருந்து ஆகஸ்ட் மாதந்தோறும் எட்டிப் பார்க்கிறது. அந்த ஆண்டில்கூட வானில் அதன் அகலம் நிலவின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்கு அளவுதான்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் எழுதுவதற்குப் பதில் படம் வரையச் சொல்லலாம். நிலவில் நண்டும் ரோவரும் ஓட்டப்பந்தயம் வைத்தால் எப்படி இருக்கும் என்று மூன்றாம் வகுப்பில் கேட்டபோது, நண்டுக்கும் தலைக்கவசமும் முதுகில் ஆக்சிஜன் உருளையும் மாட்டியிருந்தாள் ஒரு குழந்தை. நிலவில் காற்று இல்லை என்பதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னும் ஒன்று. வகுப்பு சிரிக்கும்போது, சிரிக்காத பிள்ளை யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துப் பாடம் அங்கிருந்தும் தொடங்கலாம்.