மெயில் லாக் படிக்க வந்த தாயிக்கு

தாயி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் மெயில் சர்வரை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். சந்தோஷம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அந்த மெயில் மென்பொருளை ஓட்டுவது எப்படி என்று மேனுவலில் இருக்கிறது. அதில் இல்லாத சிலதை நான் சொல்கிறேன்.

1. லாக்கைத் திறக்கும் முன், புகார் சொல்ல வந்தவரைப் பேசி முடிக்க விடு. அமெரிக்காவில், வட கரோலினாவில், 1990களில் ஒரு பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைத் தலைவர், "எங்கள் மெயில் 500 மைலுக்கு அப்பால் போவதில்லை" என்று போன் செய்தார். நம்மூர்க் கணக்கில், சென்னைக்குப் போகும், டெல்லிக்குப் போகாது. ட்ரே ஹாரிஸ் என்ற சர்வர்க்காரர் நம்பவில்லை. ஆனாலும் சோதித்துப் பார்த்தார், அப்படியேதான் இருந்தது. யாரோ சிஸ்டத்தை அப்டேட் செய்தபோது சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்கு இறங்கியிருந்தது. புதிய பதிப்புக்கு எழுதின கான்ஃபிக் அதற்குப் பாதி புரியவில்லை. காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றாலும் அந்த மெஷின் நடைமுறையில் 3 மில்லிசெகண்டைத் தாண்டினால்தான் இணைப்பை முறித்துக்கொண்டது. அதற்குள் ஒளி போகும் தூரம் ஏறக்குறைய 560 மைல்! இன்னொன்று, புகார் சொன்ன துறையினர் மெயில் எதுவரை போகிறது என்று மேப்பே போட்டு வைத்திருந்தார்கள். அந்த மாதிரி ஆட்கள் உனக்கு வாய்த்தால் கும்பிட்டுக்கொள்.

2. கடிகாரத்தைப் பார். லாக் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதினால், காலை பத்து மணிப் புகாருக்கான வரி விடிகாலை நாலரையில் கிடக்கும்.

3. ஒரே வரியை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. மெயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூ ஐடி உண்டு, லாரி ஆபீஸ் பில் நம்பர் மாதிரி. அதைப் போட்டுத் தேடு. வாங்கியது, ஏற்றியது, இறக்கியது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

4. பொறுமை வேண்டும். 4-ல் தொடங்கும் பதில் "பிறகு வா", 5-ல் தொடங்கினால் "வராதே". 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய விதியிலிருந்து இதுதான் வழக்கம். 'கிரேலிஸ்டட்' என்று 450 வந்தால், எதிர்ச் சர்வர் புது ஆளைக் கொஞ்சம் வெளியே நிற்க வைக்கிறது, அவ்வளவுதான். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். நீ எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை. 'டிஃபர்டு' என்று பார்த்ததும் கியூவையே துடைத்துப்போட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். போனதில் ஏற்றுமதி பில்லும் ஒன்று. பதறாத காரியம் சிதறாது, தாயி. வானம் பார்த்த பூமியில் பிறந்த உனக்குக் காத்திருக்கவா சொல்லித்தர வேண்டும்?

550 வந்தால் அந்த வரியைக் கடைசி எழுத்து வரை படி. காரணம் வால்பக்கம்தான் இருக்கும். உதாரணத்துக்கு, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும், ஐபிக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் பதிவு வேண்டும். பிடிஆர் இல்லையென்றால் லைன் கொடுத்தவரிடம் கேள். உன் கான்ஃபிக்கைக் குடைந்து பயனில்லை.

5. 'லாஸ்ட் கனெக்‌ஷன் ஆஃப்டர் ஆத் ஃப்ரம் அன்நோன்' என்று வரிவரியாக ஓடும். பெரும்பாலும் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். ஆனால் 'அன்நோன்' என்றால் திருடன் என்று அர்த்தமில்லை; அந்த ஐபிக்குச் சரியான பெயர்ப் பதிவு இல்லை, அவ்வளவே. ஓர் ஆபீஸில் கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, போனில் பழையதையே விட்டுவிட்டார். போன் விடாமல் முட்டியது. ஃபெயில்2பேன் என்ற காவல் நிரல் அந்த ஐபியைத் தடுத்தது. அதே ஐபியில் இருந்த ஆபீஸ் முழுக்க மெயில் நின்றது. ரஷ்யாக்காரன் புகுந்துவிட்டான் என்று சாயங்காலம் வரை ஒரே கலவரம். தடுப்பதற்கு முன், அது யார் ஐபி என்று பார்த்துவிடு.

6. 'சென்ட்', கூடவே 250 என்று இருந்தால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். வாங்கியதை அது ஸ்பாமில் போட்டிருக்கலாம். இதைச் சொல்லத் தெரியாமல், அனுப்பவே இல்லை என்று ஒரு கிளார்க் பெண்ணின் மேல் பழி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். லாக் உன் கையில் இருக்கிறது. அவளுக்காகப் பேச வேண்டியது நீதான். அந்த வரிகளை அச்செடுத்து முதலாளி மேஜையில் வை.

7. எதையும் மாற்றும் முன் 'போஸ்ட்கான்ஃப்' கட்டளை காட்டுவதைத் தேதியிட்டுச் சேமித்து வை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் வேண்டாம். சனிக்கிழமை சம்பள நாள்.