ஞாயிற்றை அழைத்த விழா

உழவை நம்பி வாழ்ந்த மக்கள் எங்கும் பருவத்தைப் போற்றினர். பருவம் திரும்பும் நாளை அவர்கள் விழா நாளாகக் கொண்டனர். இன்றோ மின்விளக்கு இரவைப் பகலாக்குகிறது. குளிரும் வெயிலும் நம் அறைக்குள் நுழைய அஞ்சுகின்றன. இந்நிலையில் அப்பழைய விழாக்களுக்குப் பொருள் உண்டோ? தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டு விழா ஒன்று இவ்வினாவிற்கு விடை கூறும்.

ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் குஸ்கோ நகரம் அமைந்துள்ளது. இன்காப் பேரரசின் தலைநகரம் அதுவே. இன்கா மக்கள் ஞாயிற்றைத் தெய்வமாக வணங்கினர். தம் அரசனை ஞாயிற்றின் மைந்தன் என்றனர். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ள அந்நாட்டில் சூன் திங்களே குளிர்காலம். அப்போது ஞாயிறு வடக்கே விலகிச் செல்லும், பகல் குறுகும். விலகிய ஞாயிறு தம்பால் மீள வேண்டும் என்று அம்மக்கள் எடுத்த விழாவே இன்ட்டி ராய்மி. கெச்சுவா மொழியில் அதற்கு ஞாயிற்றுத் திருவிழா என்பது பொருள்.

இன்கா அரசகுல மங்கைக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் 1539-இல் பிறந்தவர் இன்கா கார்சிலாசோ. 1609-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இவ்விழாவை விரித்துரைக்கிறார். விழாவிற்கு முன் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தனர். அந்நாள்களில் நகரில் எவரும் தீ மூட்டவில்லை. விழா நாளன்று விடியுமுன் அரசனும் சுற்றத்தாரும் வெறுங்காலுடன் திடலில் கூடிக் கீழ்த்திசை நோக்கிக் காத்திருந்தனர். கதிரவன் எழுந்ததும் கைகளை விரித்து வணங்கினர். குழிந்த கலத்தால் கதிரொளியைக் குவித்துப் பஞ்சில் புதுத்தீ உண்டாக்கினர்.

1532-இல் ஸ்பானியர் இன்கா மன்னனைச் சிறைப்பிடித்தனர். நாளடைவில் நாடு அவர்கள் வயமாயிற்று. ஞாயிற்றுக் கோயிலின் சுவர்கள்மீது கிறித்தவ மடம் எழுந்தது. 1572-இல் விழாவும் தடை செய்யப்பட்டது. எனினும் ஏட்டில் எழுதப்பட்டது அழியவில்லை. 1944-இல் குஸ்கோ நகரத்து அறிஞர் சிலர் கார்சிலாசோவின் நூலைத் துணையாகக் கொண்டு விழாவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். அவருள் ஃபவுஸ்டினோ எஸ்பினோசா நவார்ரோ என்பவர் கெச்சுவா மொழியில் உரையாடல் எழுதித் தாமே இன்கா மன்னனாகவும் நடித்தார். இன்று ஆண்டுதோறும் சூன் 24-ஆம் நாள் சக்சைவமான் கோட்டை வெளியில் இவ்விழா நடைபெறுகிறது. முன்பு லாமா என்னும் விலங்கைப் பலியிட்டனர். இப்போது அது நடிப்பாகவே காட்டப்படுகிறது.

"இது வழிபாடு அன்று, வெளிநாட்டார் பணம் கொடுத்துக் காணும் நாடகம்" என்பார் உளர். அவர் கூற்றை முற்றும் மறுத்தல் இயலாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கெச்சுவா மொழி நெடுங்காலம் தாழ்வாகக் கருதப்பட்டது. நகரங்களில் அதைப் பேச நாணியோர் பலர். 1975-இல்தான் பெரு அரசு அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்னரே அம்மொழி விழாக்களத்தில் அரசமொழியாக ஒலித்தது. தம் மொழி ஆயிரவர் நடுவே மன்னன் வாயிலிருந்து எழக் கேட்கும் உழவனுக்கு அது வெறும் நாடகம் ஆகுமோ?

ஞாயிறு எங்கும் நீங்குவதில்லை என்பதையும், நிலவுலகின் அச்சுச் சாய்வே பருவங்களுக்குக் காரணம் என்பதையும் இன்று நாம் அறிவோம். நாம் அழையாவிடினும் பகல் வளரும். எனவே விழா ஞாயிற்றுக்குத் தேவையன்று, நமக்கே தேவை. உலகம் இன்று உண்ணும் உருளைக்கிழங்கை முதன்முதல் பயிரிட்டவர் அம்மலைநாட்டு முன்னோர். உணவு கடையில் பிறப்பதில்லை. கதிரும் மண்ணும் உழவனும் கூடியே அதைத் தருகின்றனர். இவ்வுண்மையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அனைவரும் கூடி நினைத்தல் நன்று.

அறிவு வளர்ந்தால் அச்சம் அகலும். அச்சத்தோடு நன்றியும் அகலலாகாது. பழைய பருவ விழா இன்றைய மனிதனுக்குக் கூறும் பொருள் இதுவேயாம்.